வேலூருக்கும் பெங்களூருவுக்கும் நடுவே: குருத்தணு மருத்துவம் கடந்து வந்த பாதை

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், யானைக் கூட்டங்கள் வந்து தங்கும் காப்புக்காட்டைக் கொண்ட சானமாவு, இந்திய மருத்துவ வரலாற்றின் இரண்டு முக்கிய நகரங்களுக்கு நடுவே அமைந்திருக்கிறது. உள்ளூர் மருத்துவமனைகளில் தீராத நோயென்று தெரிந்ததும், சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் குடும்பங்களும் மானாவாரி நிலத்தை நம்பியிருக்கும் குடும்பங்களும் நோயாளியை அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் பெங்களூருவுக்கோ, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்கின்றன. குருத்தணு மருத்துவத்தின் இந்திய வரலாற்றில் பெரும்பகுதி இவ்விரு நகரங்களில்தான் நிகழ்ந்தது.

மக்கள் வழக்கில் ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணு, தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளவும், தேவை நேரும்போது குறிப்பிட்ட பணிக்குரிய வேறு அணுக்களாக மாறவும் வல்ல உயிரணு ஆகும். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் இரத்தக் குருத்தணுக்கள் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகிய மூன்றையும் நாள்தோறும் உருவாக்குகின்றன. இவற்றின் இயல்பைக் கனடாவின் டில், மெக்கல்லக் என்னும் இரு ஆய்வாளர்கள் 1961இல் வெளியிட்ட சோதனைகள் வெளிப்படுத்தின. மஜ்ஜையை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றும் முயற்சியை 1957இலேயே தொடங்கிய அமெரிக்க மருத்துவர் டானல் தாமஸ், பல ஆண்டுத் தோல்விகளுக்குப் பின் அதைச் சிகிச்சையாக நிலைநிறுத்தி 1990இல் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும், 1986இல் மருத்துவர் மாமன் சாண்டியின் தலைமையில் வேலூரிலும் இச்சிகிச்சை தொடங்கியது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இச்சிகிச்சை வியப்பூட்டும் அளவுக்கு எளிமையாகத் தோன்றும். கொடையாளிக்கு மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பின் பின்விளிம்பில் தடித்த ஊசியைச் செலுத்தி, சிறிது சிறிதாகப் பலமுறை மஜ்ஜையை உறிஞ்சி, எலும்புத் துணுக்குகளை வடிகட்டிய பின் அதைப் பையில் சேர்க்கின்றனர். அந்தப் பை, சாதாரண இரத்தம் ஏற்றுவதைப் போலவே நோயாளியின் சிரை வழியாக ஏற்றப்படுகிறது. குருத்தணுக்கள் இரத்த ஓட்டத்தோடு சென்று தாமாகவே எலும்பின் உட்புறத்தைக் கண்டடைந்து குடியேறுகின்றன. கடினமானவை அதற்கு முன்னும் பின்னுமான நாட்களே. பழைய மஜ்ஜையைக் கடும் மருந்துகளால் அழித்த பிறகு, புதிய மஜ்ஜை வெள்ளையணுக்களை உருவாக்கத் தொடங்கும் வரையிலான இரண்டு மூன்று வாரங்களில், சிறு தொற்றுகூட உயிரைப் பறித்துவிடலாம்.

கொடையாளியின் திசு வகை நோயாளியுடையதோடு பொருந்த வேண்டும் என்பது மற்றொரு நிபந்தனையாகும். உடன்பிறந்தார் ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒரு பங்கு மட்டுமே. இங்கே தமிழகத்தின் உறவுமுறைத் திருமணம் இருவிதமாக வேலை செய்கிறது. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு சேர்ந்து வரும்போது தோன்றும் தலசீமியா போன்ற இரத்தநோய்களின் வாய்ப்பைக் கூட்டுகிறது. அதே வழக்கம், உடன்பிறந்தாரைத் தாண்டிய சுற்றத்திலும் பொருத்தமான கொடையாளி கிடைக்கும் வாய்ப்பைச் சற்றே கூட்டுகிறது. உறவினரில் எவரும் பொருந்தாதவர்களுக்காக, முன்பின் அறியாத தன்னார்வலர்களின் திசு வகைகளைத் திரட்டிவைக்கும் தாத்ரி என்னும் பதிவகம் 2009இல் சென்னையில் தொடங்கப்பட்டது. செலவு தனிச் சுமையாகும். 2017இல் தொடங்கப்பட்ட கோல் இந்தியா நிறுவனத்தின் திட்டம், தகுதியுள்ள தலசீமியாக் குழந்தைகளுக்கு 10 இலட்சம் ரூபாய் வரை வழங்கியதால்தான் பல ஏழைப் பெற்றோர் மாற்றுச் சிகிச்சையை எண்ணிப் பார்க்கவே முடிந்தது.

பெங்களூருவின் பங்கு வேறு வகையானது. 1998இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் தாம்சன், சில நாட்களே ஆன மனிதக் கருவிலிருந்து, உடலின் எல்லா வகை அணுக்களாகவும் மாறக்கூடிய கருக் குருத்தணுக்களைப் பிரித்து வளர்த்தார். கருவைச் சிதைத்தே அவற்றைப் பெற முடிந்ததால், உலகெங்கும் அறவிவாதம் எழுந்தது. 2001இல் அமெரிக்க அரசு, தனது ஆய்வு நிதியைப் பெறத் தகுதியுள்ள கருக் குருத்தணுத் தொகுதிகளின் பட்டியலை அறிவித்தபோது, அதில் பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் மும்பையின் தனியார் நிறுவனம் ஒன்றும் இடம்பெற்றன. சில ஆண்டுகளுக்குப் பின், அதே நகரின் ஜவாகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் மனீஷா இனாம்தாரின் குழு, குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்கு உதவாதெனக் கழிக்கப்பட்ட தரங்குறைந்த கருக்களிலிருந்தே இரண்டு தொகுதிகளை உருவாக்கியது. வீணாகப் போகவிருந்த கருவை மட்டுமே, உரியவரின் ஒப்புதலோடு, விலை எதுவுமின்றிப் பெறுவது என்பதே அறத்தின் நோக்கில் ஏற்கத்தக்க வழியாகும். 2006இல் ஜப்பானின் யமனாகா, வளர்ந்த எலியின் தோலணுவையே குருத்தணு நிலைக்குத் திருப்பிக் காட்டியபின் கருவைப் பற்றிய விவாதம் ஓரளவு தணிந்தது.

ஆனால் இந்தியாவில் பெருந்தீங்கு விளைந்தது ஆய்வகத்தில் அன்று, சந்தையில்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2007இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின் தலைப்பில் ஆராய்ச்சியோடு சிகிச்சையும் இடம்பெற்றிருந்தது. நிரூபிக்கப்படாத ஊசிகளைப் போட்டுப் பணம் பறிக்கும் மருத்துவமனைகள் பெருகியதைக் கண்டு, 2013இல் திருத்தப்பட்ட நெறிகளில் சிகிச்சை என்னும் சொல் தலைப்பிலிருந்து நீக்கப்பட்டது. நிலைபெற்ற இரத்தக் குருத்தணு மாற்றுச் சிகிச்சை தவிர, மற்றவை அனைத்தும் ஒப்புதல் பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம் என்பது அதன் பொருள்.

தொப்புள்கொடி இரத்தச் சேமிப்பு இச்சந்தையின் மிகப் பரவலான வடிவமாகும். 1988இல் பாரிசில் எலியான் குளுக்மன், ஒரு குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தைக் கொண்டு அதன் அண்ணனின் கடும் இரத்தநோயைத் தீர்த்தது உண்மையான சாதனை. ஆனால் அங்கே பயன்பட்டது தங்கையின் இரத்தம். அவனுடைய சொந்த இரத்தமாக இருந்திருந்தால் அதே மரபணுக் குறை அதிலும் இருந்திருக்கும். இவ்வேறுபாட்டை விளக்காமலே, குழந்தையின் எதிர்காலக் காப்பீடு என்ற பெயரில் கருவுற்ற பெண்களின் குடும்பங்களிடம் பல்லாயிரம் ரூபாய்க்குச் சேமிப்புத் திட்டங்கள் விற்கப்பட்டன. சொந்தப் பயனுக்காகச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று 2017இல் மீண்டும் திருத்தப்பட்ட நெறிகள் வெளிப்படையாகவே கூறின. கொடியை ஓரிரு நிமிடம் தாமதித்து இடுக்கியிட்டால் அந்த இரத்தம் குழந்தைக்கே சென்று இரும்புச்சத்துக் குறையைத் தடுக்கும். இரத்தசோகை மலிந்த தமிழகத்து மாவட்டங்களில் இந்தப் பயன் கையில் கிடைக்கும் பயனாகும். குருத்தணுச் சிகிச்சையால் குணமாகும் என்று நம்பவைக்கப்பட்ட, ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோர் பட்ட பாடு இதைவிடக் கொடியது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், ஆட்டிசத்துக்குக் குருத்தணுச் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதன்று எனவும், அதை அளிப்பது தொழில்முறைத் தவறு எனவும் அறிவிக்க வேண்டி வந்தது.

பொறுமையோடு நடந்த வேலையின் பயனை மீண்டும் வேலூரிலேயே காண முடிகிறது. அங்கு 2005இல் அரசின் உதவியோடு குருத்தணு ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டது. இரத்தம் உறைவதற்குத் தேவையான எட்டாம் காரணி என்னும் புரதம் பிறவியிலேயே குறைந்திருப்பது ஹீமோபிலியா ஏ. சிறிது இடிபட்டாலும் மூட்டுக்குள் இரத்தம் கசிந்து முடமாக்கும் நோய் அது. அலோக் ஸ்ரீவாஸ்தவாவின் குழு, கடுமையான நோயுற்ற ஐவரிடமிருந்து அவர்களின் சொந்த இரத்தக் குருத்தணுக்களைப் பிரித்தெடுத்து, நோயுண்டாக்கும் ஆற்றல் நீக்கப்பட்ட வைரசின் வழியே எட்டாம் காரணிக்கான மரபணுவைச் சேர்த்து, மீண்டும் அவர்கள் உடலில் செலுத்தியது. புதிய அணுக்கள் குடியேறி எட்டாம் காரணியைச் சுரக்கத் தொடங்கிய பின்னர் ஐவருக்கும் இரத்தக்கசிவு நின்றது. 2024 டிசம்பரில் இம்முடிவுகள் அமெரிக்காவின் முதன்மையான மருத்துவ இதழில் வெளிவந்தன. மஜ்ஜையை அழிக்கும் கடும் மருந்தை இவர்களும் தாங்கிக்கொள்ள நேர்ந்தது. புகுத்தப்பட்ட மரபணு தவறான இடத்தில் ஒட்டிக்கொண்டு பின்னாளில் புற்றுநோயைத் தூண்டுமா என்பதைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். எனவே ஐவரின் நலத்தைக் கொண்டு இதை ஆறாமவருக்குக் காசு வாங்கிக்கொண்டு அளிக்க விதிகளில் இடமில்லை. அடுத்த கட்ட ஆய்வில், அனைத்தையும் அறிந்து ஒப்புதல் அளிப்பவராக மட்டுமே அவர் சேர முடியும்.