பிரகதாம்பாள்: ஒரு பெயரும் அதன் ஒலிப்பும்

தமிழகத்தின் பழைய ஊர்களில், ஊர்க் கோயிலில் எழுந்தருளியிருக்கும் அம்மனின் பெயரையே அவ்வூரில் பிறக்கும் பெண் குழந்தைக்கு இடுவது நெடுங்கால வழக்கம் ஆதலால், ஒரு பெண்ணின் பெயரைக் கொண்டே அவள் பிறந்த பகுதியை ஓரளவு ஊகித்துவிட முடியும். காந்திமதி என்றால் திருநெல்வேலிப் பக்கம், அகிலாண்டம் என்றால் திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள திருவானைக்கா, அபிராமி என்றால் திருக்கடையூர், குழல்வாய்மொழி என்றால் குற்றாலம் என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவோர் முந்தைய தலைமுறையில் பலர் இருந்தனர். அவ்வகையில் புதுக்கோட்டைக்கு உரிய பெயர் பிரகதாம்பாள். மாவட்டத்துக்கு வெளியே அரிதாகவே கேட்கக் கிடைக்கும் இப்பெயர், ஓர் அரசின் பட்டத்திலும் அரண்மனைப் பெண்களின் பெயரிலும் குடியானவர் வீட்டுக் கூப்பாட்டிலும் ஒரே சமயத்தில் வெவ்வேறு ஒலியோடு வழங்கிவந்தது என்பதே அதன் வரலாற்றைக் கவனிக்கத்தக்கதாக ஆக்குகிறது.

புதுக்கோட்டை நகரின் பகுதியாக இன்று அமைந்துள்ள திருக்கோகர்ணத்தில், பாறையைக் குடைந்து உருவாக்கப்பட்ட கருவறையில் கோகர்ணேசுவரர் இருக்கிறார். பசு தன் காதில் கங்கை நீரைச் சுமந்துவந்து இறைவனை நீராட்டியது என்னும் தலபுராணக் கதை ‘கோகர்ணம்’, அதாவது பசுவின் காது, என்னும் பெயரை விளக்குகிறது. குடைவரை பொ.ஆ. 7, 8ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. அம்மன் சந்நிதியோ அத்தனை பழமை உடையதன்று. சிவன் கோயில்களில் தேவிக்கெனத் தனிச் சந்நிதி, கல்வெட்டுகளின் வழக்கில் ‘திருக்காமக்கோட்டம்’, எழுப்பும் மரபு முதலாம் இராசேந்திரன் காலமாகிய 11ஆம் நூற்றாண்டுக்குப் பிறகே பரவியது. அவ்வாறு எழுந்த சந்நிதிகள் பலவற்றில் தேவிக்குப் பெரிய நாச்சியார், பெரியநாயகி என்பன போன்ற எளிய தமிழ்ப் பெயர்கள் வழங்கின. பழமலை விருத்தாசலம் ஆனதும் மறைக்காடு வேதாரணியம் ஆனதும் போலவே, பெரியநாயகியரும் காலப்போக்கில் வடமொழி வடிவம் பெற்றனர். தஞ்சைப் பெரிய கோயிலில் பெரியநாயகியும் பிரகந்நாயகியும் ஒருத்தியே. ‘பிருஹத்’ என்னும் வடசொல்லுக்குப் பெரியது என்பது பொருள், ‘அம்பா’ என்பது தாய். ஆகவே பிரகதாம்பாள் என்பவள் பெரிய அன்னை, ‘பெரியாத்தா’ என்று கிராமத்தார் அழைக்கக்கூடிய அதே தெய்வம்.

வடமொழியில் இப்பெயரின் முதல் அசையில் வருவது ‘ரு’ என்றோ ‘ரி’ என்றோ துல்லியமாக எழுத முடியாத ஓர் உயிரொலி. அதற்குத் தமிழில் எழுத்து இல்லை. மெய்ம்மயக்கத்தோடு ஒரு சொல் தொடங்குவதையும் தமிழ் இலக்கணம் ஏற்பதில்லை. ஹகரமும் தமிழுக்கு உரியதன்று. இத்தகைய சொற்களைத் தமிழாக்குவதற்கான விதிகளை நன்னூல் வகுத்திருப்பினும், விதி தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் ஒருங்கே தம் நாவுக்கு இசைந்தபடிதான் செய்தனர். பிருஹதாம்பாள், பிருகதாம்பாள், பிரகதாம்பாள், ப்ரஹதாம்பாள் என நான்கு எழுத்து வடிவங்களாவது புழக்கத்துக்கு வந்தன. ஆங்கில எழுத்தில் எழுதியவர்களும் ஒற்றுமைப்படவில்லை: முதல் அசையில் ஐ என்னும் எழுத்தை இட்டவர்களும் ஏ என்னும் எழுத்தை இட்டவர்களும் இருந்தமையால், ஒரே தெய்வத்தின் பெயர் பிரிஹதம்பா என்றும் பிரஹதம்பா என்றும் படிக்கப்பட்டது.

இவற்றுள் அதிகம் கவனிக்கப்படாத மாற்றம் ஒன்று உண்டு. கமல என்பதும் அம்பா என்பதும் சேரும்போது இரண்டு அகரங்கள் இணைந்து நெடிலாகிக் கமலாம்பா என்று ஆவது வடமொழிப் புணர்ச்சி முறை. ஆனால் பிருஹத் என்பது மெய்யில் முடிவதால், அம்பாவோடு சேரும்போது பிருஹதம்பா என்று குறிலோடுதான் நிற்க வேண்டும். அர்ச்சகர் நாமாவளி சொல்லும்போது அவ்வாறே குறிலாகச் சொல்கிறார். தமிழர் வாயிலோ கமலாம்பாள், கற்பகாம்பாள், வடிவாம்பாள், இதே மாவட்டத்து ஆவுடையார்கோயிலின் யோகாம்பாள் என வரிசையாகப் பழகிய ‘ஆம்பாள்’ என்னும் ஈறு இந்தப் பெயரையும் தன்பால் இழுத்து நீட்டிவிட்டது. இலக்கணப் பண்டிதர் இதைப் பிழை என்று சொல்லக்கூடும். ஒரு பெயர் தன் புதிய ஊரில் உறவினர்களைத் தேடிக்கொண்டதற்கான சான்று என்று கொள்வதே பொருத்தம். பேச்சில் அது இன்னும் ஒரு படி நகர்கிறது. பிறகு என்பது பெறகு என்றும் விறகு என்பது வெறகு என்றும் ஆவதைப் போல முதல் இகரம் எகரமாகி, ஈற்று ளகரமும் தேய்ந்து, ‘பெரகதாம்பா’ என்று நிற்கிறது; அவசரக் கூப்பாட்டில் ‘பெரகதா’ என்றால் போதும்.

இப்பெயருக்கு அரசியல் எடை சேர்ந்தது தொண்டைமான்களின் ஆட்சியில். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரகுநாத ராய தொண்டைமானால் நிலைபெற்ற இந்த அரசின் குலதெய்வம் திருக்கோகர்ணத்து அம்மன். 1730 முதல் 1769 வரை ஆண்ட விஜய ரகுநாத ராய தொண்டைமான், திருவரங்குளம் காட்டில் அலைந்துகொண்டிருந்த சதாசிவ பிரம்மேந்திரரைச் சந்தித்தார் என்றும், மௌன விரதம் பூண்டிருந்த அவர் மணலில் மந்திரம் எழுதிக் காட்ட, அம்மணலை மன்னர் அரண்மனைக்குக் கொண்டுவந்து வழிபட்டார் என்றும் மரபு கூறுகிறது. அரசு அம்மனுக்கே உரியது, மன்னர் அவளுடைய அடியார் என்னும் கருத்தைத் தாங்கிய ‘பிரகதாம்பாதாஸ்’ என்னும் பட்டம், புதுக்கோட்டை மன்னர்களின் பெயருக்கு முன்னால் இடம்பெற்றது. ஆண் மன்னர் ஒருவரின் அதிகாரபூர்வப் பெயர் ஒரு பெண்பெயரில் தொடங்கியது என்பதும், ஆங்கில அதிகாரிகள் கடிதம்தோறும் அதை எழுத்துக்கூட்டி எழுத வேண்டியிருந்தது என்பதும் சிறிய விஷயங்கள் அல்ல.

அதே அம்மன் செப்புக் காசிலும் ஏறினாள். ‘அம்மன் காசு’ எனப்பட்ட அச்சிறு நாணயத்தின் ஒருபுறம் அமர்ந்த கோலத்தில் அம்மன் உருவமும் மறுபுறம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்னும் சொல்லும் பொறிக்கப்பட்டிருந்தன. நவராத்திரி நாட்களில் அரண்மனை வழங்கிய அரிசித் தானத்தோடு இக்காசும் கொடுக்கப்பட்டது. காசின் எந்தப் பக்கத்திலும் அம்மனின் பெயர் இல்லை என்பதுதான் இங்கு முக்கியம். அரசு தன் பட்டத்தில் கடினமான பெயரையும், தன் காசில் வெறும் உருவத்தையும் வைத்தது. பட்டத்தைப் படித்தவர்கள் சிலர், காசைக் கையில் பிடித்தவர்கள் பலர். எழுத்தறியாத மக்கள் அந்த உருவத்துக்குத் தாமே ஒரு பெயர் சூட்டினர்: அரைக்காசு அம்மன். காணாமற்போன பொருள் கிடைப்பதற்கு வெல்லம் வைத்து அவளை வேண்டிக்கொள்ளும் வழக்கம் புதுக்கோட்டையைத் தாண்டித் தமிழகம் முழுவதும் பரவி, சென்னைக்கு அருகே வண்டலூரை அடுத்த இரத்தினமங்கலத்தில் அப்பெயரிலேயே ஒரு கோயிலும் எழுந்துள்ளது. அங்கே வேண்டிக்கொள்ளும் பலருக்குப் பிரகதாம்பாள் யாரென்று தெரியாது. ஆயினும், பெண் குழந்தைக்குப் பெயர் வைக்கும் நேரம் வந்தபோது மக்கள் தாம் சூட்டிய எளிய பெயரை விட்டுவிட்டு, நாவுக்கு இடறலான அரசவைப் பெயரையே எடுத்துக்கொண்டனர். தெய்வத்தை நெருக்கமாக அழைக்க ஒரு பெயர், மகளுக்கு மதிப்புச் சேர்க்க வேறொரு பெயர் என்னும் இந்தப் பாகுபாடு தமிழ்ச் சமூகத்துக்குப் புதிதன்று.

அரண்மனைக்குள் இப்பெயரைத் தாங்கியவர்களுள் அறியப்பட்டவர், 1839 முதல் 1886 வரை ஆண்ட இராமச்சந்திர தொண்டைமானின் மூத்த மகள் பிரகதாம்பாள் ராஜாமணி பாயி சாகிப். வடமொழி வழி வந்த தெய்வப் பெயர், தமிழ்ச் செல்லப் பெயரின் சாயல், மராத்திய அரண்மனை மரியாதையான ‘பாயி’, அரபியிலிருந்து வந்த ‘சாகிப்’ எனத் தென்னிந்திய அரசவைகளின் மொழிக் கலப்பு முழுவதும் இந்த ஒரு பெயருக்குள் அடங்கியிருக்கிறது. 1875இல் பிறந்த இவருடைய மகன் மார்த்தாண்ட பைரவரை இராமச்சந்திர தொண்டைமானே தத்தெடுத்துக்கொண்டமையால், சட்டத்தின் கணக்கில் தாய் தன் மகனுக்குத் தமக்கை ஆனார்.

அந்த மார்த்தாண்ட பைரவ தொண்டைமானின் வாழ்வில்தான் புதுக்கோட்டை முற்றிலும் வேறு வகையான ஒரு பெண்பெயரைச் சந்தித்தது. 1915 ஆகஸ்டில் அவர் மெல்போர்னில் மணந்த ஆஸ்திரேலியப் பெண்ணின் முழுப்பெயர் எஸ்மே மேரி சாரெட் ஃபிங்க். உலகம் அறிந்த பெயர் மாலி. மேரி என்பதன் செல்ல வடிவமாகிய மாலி, அயர்லாந்தோடு சேர்த்தே நினைக்கப்படும் பெயர். அதன் முதல் உயிரொலி தமிழின் ஆகாரமும் அன்று, ஓகாரமும் அன்று. எனவே மாலி, மோலி, மொல்லி என எழுதுபவரின் காதைப் பொறுத்து வடிவம் மாறுகிறது. பிரிட்டிஷ் அரசு அவரை மகாராணியாக ஏற்க மறுத்தது. தம்பதியர் சில மாதங்களே புதுக்கோட்டையில் தங்கி 1916இல் வெளியேறினர். அவ்வாண்டு பிறந்த மகனுக்கு மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயரிடப்பட்டது. ஊர்ப்பெயரைக் குழந்தைக்கு இடும் வழக்கம் ஆஸ்திரேலியா வரை சென்றும் விடவில்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அந்தச் சிறுவனுக்கு வாரிசுரிமை மறுக்கப்பட்டது. 1928இல் மன்னர் பாரிஸில் இறந்த பின், குடும்பத்தின் வேறு கிளையைச் சேர்ந்த சிறுவர் இராஜகோபால தொண்டைமான் அரியணை ஏறினார்.

அயர்லாந்திலும் பிரகதாம்பாளுக்கு இணையான ஊர்ப்பற்றுள்ள பெயர் ஒன்று இருக்கிறது. அந்நாட்டின் தெற்கே கார்க் மாவட்டத்துப் பாலிவோர்னி என்னும் ஊரின் காவல் புனிதையான கப்னிட், தேனீக்களின் காவலராகப் போற்றப்படுபவர். பிப்ரவரி 11 அவருடைய திருநாள். அவர் பெயர் தெற்கு மாவட்டப் பெண்களுக்குத் தலைமுறை தலைமுறையாக இடப்பட்டது. எழுத்தில் காணும் உயிரெழுத்துகள் ஒலிப்பில் அப்படியே வருவதில்லை ஆகையால், வெளியார் அதைப் படித்துத் தடுமாறுவர். ஆங்கில ஆட்சிக் காலப் பதிவேடுகளில் கப்னிட்கள் அபிகெயில் என்றும் டெபோரா என்றும் பெயர் மாற்றி எழுதப்பட்டனர். டெபோரா என்னும் எபிரேயச் சொல்லுக்குத் தேனீ என்பது பொருள் ஆதலால் அந்த மாற்றத்தில் ஓர் அறிவுடைமை இல்லாமல் இல்லை. ஆனால் வீட்டில் ஒரு பெயரும் பதிவேட்டில் வேறு பெயருமாகப் பெண்கள் வாழ நேர்ந்தது. புதுக்கோட்டையில் நிலைமை தலைகீழ்: இங்கே அதிகாரத்தின் பெயரே கடினமானது, அதை வளைத்தவர்கள் குடிமக்கள்.

வீட்டுக்குள் இப்பெயர் சந்தித்த இன்னொரு தடை ஒலிப்பைச் சார்ந்ததன்று. தந்தைவழிப் பாட்டியின் பெயரைப் பேத்திக்கு இடுவது வழக்கம். மாமியாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லலாகாது என்பதும் வழக்கம். இரண்டும் சேர்ந்தபோது, தான் பெற்ற குழந்தையைத் தானே பெயர் சொல்லி அழைக்க முடியாத தாய் அம்மணி, பாப்பா, பெரியம்மணி என்று ஏதேனும் ஒரு மாற்றுப் பெயரைத் தேட வேண்டியிருந்தது. இதனால் ஏட்டில் பிரகதாம்பாளாக இருந்த பலர் தெருவில் அப்பெயரால் அறியப்படவே இல்லை.

1916ஐ ஒட்டி மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் நோக்கில் பிரகதாம்பாள் மீண்டும் பெரியநாயகி ஆகியிருக்க வேண்டும். ஆனால் வடசொற்களுக்குத் தமிழ்ச் சொற்கள் தந்து அகரவரிசை தொகுத்த அவர் மகளே நீலாம்பிகை அம்மையார் என்றுதான் இன்றும் அறியப்படுகிறார். தெய்வப் பெயர்களின் பிடி அத்தகையது. இன்று புதுக்கோட்டையில் பெண் குழந்தைக்கு இப்பெயர் அரிதாகிவிட்டதற்கு ஒலிக் கடினத்தைக் காரணமாகக் கூறுவது சரியன்று. ஹகரமும் ஷகரமும் நிறைந்த பெயர்களையே இக்காலப் பெற்றோர் நாடுகின்றனர் என்பதைப் பள்ளி வருகைப் பதிவேடு எதைப் புரட்டினாலும் காணலாம். ‘ஆம்பாள்’ என்னும் ஈறு பாட்டிமாரை நினைவூட்டுவதும், 1948 மார்ச்சில் அரசு இந்திய ஒன்றியத்தில் இணைந்த பின் அப்பெயர் சுமந்திருந்த அரசவை மதிப்பு கரைந்ததுமே உண்மையான காரணங்கள்.

மனிதரிடம் குறைந்த பெயர் நிறுவனங்களில் தங்கியது. சமஸ்தானத்தின் கல்வெட்டுத் தொகுதியையும், 1938 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த சமஸ்தான வரலாற்று நூலையும் அச்சிட்டது ஸ்ரீ பிரகதாம்பா அரசு அச்சகம். நகரில் இப்பெயரைத் தாங்கிய அரசுப் பள்ளி ஒன்றும் இருக்கிறது. அதன் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவோர் இன்றும் முதல் அசைக்கு ஒரே எழுத்தைப் பயன்படுத்துவதில்லை.