கொலராடோவில் ஒற்றைக் கை – 11: பிரிந்த வழி

மேஜர் பவல் பகல் முழுக்கப் பாறைகளில் ஏறி இறங்கிப் பார்த்தும், அந்த நீர்ச்சரிவைச் சுற்றிப் படகைச் சுமந்து போக வழியில்லை என்ற இடத்தில் போன வாரம் நிறுத்தினோம். அன்று ஆகஸ்ட் 27, 1869.

மே மாதம் வயோமிங்கில் புறப்பட்டபோது பத்துப் பேர், நான்கு படகு, பத்து மாதச் சாப்பாடு. இப்போது ஒன்பது பேர், மூன்று படகு. கொசுவலையில் திரும்பத் திரும்பச் சலித்த பூசண மாவும் சில நாளில் தீர்ந்துவிடும். காப்பி மட்டும் தாராளம்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஓரமெல் ஹவ்லண்ட் மேஜரைத் தனியே அழைத்தார். இனி ஆற்றில் போவது தற்கொலை; தானும் தம்பி செனகாவும் வில்லியம் டன்னும் மேலே ஏறி நடந்தே போய்விடுகிறோம் என்றார். பவல் வானத்தை அளந்து கணக்குப் போட்டார். வர்ஜின் ஆற்று முகத்துக்கு நேர்கோட்டில் 45 மைல்தான், ஆற்று வழியே 80, 90 மைல் இருக்கலாம். தூங்கிக்கொண்டிருந்த ஹவ்லண்டை எழுப்பி, மணலில் கோடு கிழித்துக் காட்டினார். ஹவ்லண்ட் மசியவில்லை. விடியும்வரை பவல் அந்தச் சின்ன மணல் திட்டில் நடந்துகொண்டே இருந்தார். ஷைலோ போரில் வலக்கையை இழந்தபின்னும் படை வேலையை விடாத அந்த மனிதர், அன்றிரவு ஒரு கட்டத்தில் ஆற்றையே விட்டுவிடலாமா என்று நினைத்திருக்கிறார்.

இதையெல்லாம் நமக்குச் சொல்வது 1875இல் வெளிவந்த பவலின் நூல். ஆற்றங்கரையில் அவர் எழுதிய குறிப்போ மிகச் சுருக்கம். பல ஆண்டு கழித்து ஜாக் சம்னரும் சமையல்காரர் ஹாக்கின்ஸும் வேறு கதை சொன்னார்கள்: மேஜரின் கடிகாரம் டன் கையில் நனைந்து கெட்டதாம், அதில் மூண்ட சண்டை ஆறவே இல்லையாம். ஜூனில் ‘நோ நேம்’ படகு பாறையில் மோதிச் சிதறியதற்கும் ஹவ்லண்ட் மேல்தான் பழி. வயதான காலத்துப் பேச்சில் கொஞ்சம் உப்பும் காரமும் கூடியிருக்கலாம். ஆனாலும் மூவரும் வெறும் பயத்தில் ஓடினார்கள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

காலையில் கண்ணீரோடு பிரிவு. மூவருக்கும் இரண்டு ரைஃபிள், ஒரு ஷாட்கன். பயணக் குறிப்புகளில் ஒரு படி அவர்களிடம் போனது. சம்னர் தன் கடிகாரத்தைக் கழற்றி, தான் திரும்பாவிட்டால் தங்கையிடம் சேர்க்கச் சொன்னார். ஹாக்கின்ஸ் சுட்ட ரொட்டியைப் பாறை மேல் வைத்தார். பவல் மனைவிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, அவள் பெயரையே தாங்கிய ‘எம்மா டீன்’ படகைக் கரையிலேயே கைவிட்டார். ஓட்ட ஆளில்லை. சாகப் போவது எதிராளிதான் என்று இரு தரப்புமே நினைத்தது.

ஆறு பேரும் இரண்டு படகில் இறங்கினார்கள். அவ்வளவு பயந்த சரிவைக் கடந்ததோ கண்மூடித் திறப்பதற்குள்! கீழே போய், நீங்களும் வாருங்கள் என்று துப்பாக்கியால் சுட்டுக் காட்டினார்கள். மேலிருந்து யாரும் வரவில்லை.

காத்திருந்து புறப்பட்டவர்களுக்குப் பிற்பகலில் அதைவிட மோசமான சரிவு. செங்குத்துப் பாறை உச்சியில் நின்று கயிற்றைப் பிடித்துப் படகைக் கீழே விட்டார்கள். உள்ளே ஜார்ஜ் பிராட்லி மட்டும். கயிறு போதவில்லை. இன்னொன்று கொண்டுவர ஒருவர் ஓடினார். அதற்குள் வெள்ளம் படகை வெளியே இழுத்து, மறுபடி பாறையில் வீசி அடித்தது. மீண்டும் இழுத்தது, மீண்டும் அடித்தது. மேலிருந்து கத்தியது எதுவும் பிராட்லி காதில் விழவில்லை. அவர் உறையிலிருந்து கத்தியை எடுத்துக் கயிற்றை அறுக்கக் குனிந்தார். அறுப்பதற்குமுன் படகின் அணியத்துக் கட்டையே பிய்த்துக்கொண்டு கயிற்றோடு பறந்தது.

பிராட்லி பின்துடுப்பைத் தாவிப் பிடித்தார். ஒரு வலி, இரண்டாவது வலி. படகின் முகம் கீழ்நோக்கித் திரும்பியது. அடுத்த கணம் படகும் இல்லை, ஆளும் இல்லை. மேலே நின்ற மேஜருக்கு வெறும் நுரை மட்டுமே தெரிந்தது.

(தொடரும்)