கொச்சியிலிருந்து கண்ணூருக்குப் பாய்மரத்தில்

கொச்சியில் புகைவண்டி ஏறினால் அரைநாளுக்குள் கண்ணூர் சேர்ந்துவிடலாம். அத்தொலைவையே பாய்மரக் கலத்தில் கடக்க விரும்பினால் நாம் காற்றின் மனப்போக்கை அறிந்து புறப்பட வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று பாய்க்கலங்களுக்கு இக்கடலை அடைத்தே விடும். மார்கழி, தை மாதங்களிலோ விடியுமுன் வீசும் நிலக்காற்று கலத்தைக் கரையினின்று மெல்ல வெளியே கொண்டு செல்லும். பிற்பகலில் எழும் கடற்காற்று மீண்டும் கரையருகே சேர்க்கும். இது விரைந்து செல்வோர்க்கு ஏற்ற பயணம் அன்று.

கொச்சியை விட்டு வடக்கே செல்ல, வலப்புறத்தில் பெரியாற்றின் முகத்துவாரம் தோன்றுகிறது. யவனர் மிளகு தேடி வந்த முசிறி இப்பக்கத்தில்தான் இருந்தது. 1341ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அத்துறையைத் தூர்த்துக் கொச்சிக்கு வாயில் திறந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அடுத்து, பாரதப்புழை கடலோடு கலக்கும் பொன்னானி. அதற்கும் வடக்கே சாலியாற்றின் முகத்தில் பேப்பூர். வரைபடம் இன்றியே 'உரு' என்னும் பெருங்கலத்தைக் கட்டிய தச்சர்களின் ஊர்.

இனிக் கோழிக்கோடு. இங்கு நமக்கு ஒரு வியப்பு உண்டாகிறது. இத்தனை புகழ் பெற்ற துறைக்கு ஒதுங்குவதற்கு ஒரு விரிகுடாவும் இல்லை. திறந்த கடற்கரையே உள்ளது. 1340களில் இபின் பதூதா இங்கே பதின்மூன்று சீனக் கலங்களைக் கண்டார். தில்லிச் சுல்தான் சீனப் பேரரசருக்கு அனுப்பிய பரிசுகளை ஏற்றிய கலம் இக்கரையிலேயே புயலில் உடைந்தது. தொழுகைக்காகக் கரையில் தங்கியிருந்தமையால் அவர் உயிர் பிழைத்தார்.

இவ்வளவு பாதுகாப்பற்ற கரையை வணிகர் நாடியது ஏன்? 1442இல் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் விடை தருகிறார். அவருக்கு இவ்வூர் மக்களை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆதலின் அவர் புகழ்ச்சியை நாம் நம்பலாம். பிற துறைகளில், காற்றால் வழிதப்பி ஒதுங்கிய கலத்தைக் கடவுள் தந்த பொருள் என்று கொள்ளையிடுவராம். கோழிக்கோட்டிலோ எங்கிருந்து வந்த கலமாயினும், எங்கே செல்வதாயினும், ஏனையவற்றைப் போலவே நடத்தப்பட்டது. சரக்கு விற்றால் நாற்பதில் ஒரு பங்கு சுங்கம், விற்காவிடில் ஒன்றுமில்லை. காற்றை நம்பி வாழ்ந்த மாலுமிக்கு இந்த உறுதி, ஆழ்ந்த துறைமுகத்தினும் பெரிதாயிருந்தது போலும். சாமூதிரியின் செல்வம் மிளகினால் மட்டும் வந்ததன்று என்பது நம் கருத்து.

1498இல் வாஸ்கோ ட காமா வந்தபின் இந்த வழக்கம் குலைந்தது. போர்ச்சுக்கீசியரின் அனுமதிச் சீட்டு இல்லாத கலம் கடலிலேயே கைப்பற்றப்பட்டது. குஞ்ஞாலி மரக்காயர்கள் விரைந்த சிறு படகுகளைக் கொண்டு பல்லாண்டுகள் எதிர்த்து நின்றனர்.

கடற்காற்று நம்மைக் கண்ணூரில் சேர்க்கும்போது முதலில் தெரிவது 1505இல் போர்ச்சுக்கீசியர் எழுப்பத் தொடங்கிய கோட்டை. அதன் செந்நிறச் சுவர்களின் அருகே, மீன்படகுகள் ஒதுங்கும் மாப்பிள்ளை விரிகுடாவில் நாம் பாயை இறக்குகிறோம்.