எண்ணிக்கை யாருடையது?

கும்மிடிப்பூண்டியில் சிப்காட் ஆலைகளுக்குள் ஷிப்ட் கணக்கு. ஈழ அகதிகள் முகாமுக்குள் 'செக்கிங்' கணக்கு. 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரை மாற்றினார்கள். பெயர் மாறினால் உடல்களை எண்ணுவது நின்றுவிடுமா? ஆட்டத்தின் எண்ணிக்கையைப் பற்றி யோசிக்க இந்த ஊர் பொருத்தமானது.

ரும்பாவை எடுத்துக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டில் ஹவானா, மத்தான்ஸாஸ் துறைமுகப் பகுதிகளில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் சந்ததியினர் வளர்த்த ஆட்டம் அது. மேளத்துக்குப் பதிலாகச் சரக்கு வந்த மரப்பெட்டிகளைத் தட்டினார்கள். 'கிளாவே' கட்டைகளின் ஐந்து தட்டுதான் அதற்கு முதுகெலும்பு. 1930களில் மேற்கத்திய நடனக்கூடங்கள் 'ரும்பா' என்ற பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, 'சோன்' என்ற வேறு இசையை அதற்குள் வைத்தன. காலுக்குச் சதுரம் போட்டன: ஒரு மெது, இரண்டு விரைவு. 1947இல் லண்டன் நடன ஆசிரியர் பியேர் ஹவானா போனார். அங்கே முதல் தட்டில் யாரும் அடியெடுத்து வைக்கவில்லை. இரண்டாவதில்தான் கால் நகர்ந்தது, முதல் தட்டு இடுப்புக்கு. பிறகென்ன? எது 'சரி' என்று லண்டனில் சண்டை. கடைசியில் ஹவானாக்காரர் கால்வைப்பும் தேர்வுப் பாடமாயிற்று.

நமக்குப் பக்கத்தில் பைலா இருக்கிறது. போர்த்துக்கீசியரும் பின்வந்த காலனியவாதிகளும் ஆப்பிரிக்கர்களை இலங்கைக்கும் கொண்டுவந்தார்கள். மட்டக்களப்புப் பறங்கியர் ஆடும் 'கஃப்ரிஞ்ஞா'வின் பெயரிலேயே 'காப்பிரி' இருக்கிறது. தாளம் ஆறு. அதை மூணு மூணாவும் எடுக்கலாம், ரெண்டு ரெண்டாவும் எடுக்கலாம். கால் ஒன்றைப் பிடித்தால் தோள் மற்றதைப் பிடிக்கும். ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' வழியே 1970களில் தமிழ்நாட்டுக்கும் வந்தது. நாம் அதைத் தமாஷ் பாட்டு என்று ஒதுக்கினோம். வரலாறு இருக்கக்கூடும் என்று நினைக்கவில்லை.

முகாம் கல்யாணமொன்றில் அந்த ஆறைக் கேட்டேன். நன்றாக ஆடிய ஒரு முதிய அம்மாவிடம் எப்படிக் கணக்கு வைக்கிறீங்க என்றேன். "கணக்கோ? அது காலுக்குத் தெரியும் தம்பி. நீங்கள் எண்ணத் தொடங்கினால் பிந்திப்போவியள்."

இதை 'பிறவித் தாள உணர்வு' என்று சிலாகிப்பதும் காலனியச் சொல்லாடல்தான். அந்தக் கால் கற்ற கால்; தோணியேறி வந்தபோதும் பாடத்தை விடாத கால். பாடப்புத்தகம் இல்லாததாலேயே அந்தப் பாடம் நம் வரலாற்றில் ஏறவில்லை. அவர்களைத் தவறாமல் எண்ணுகிற பதிவேட்டில், அவர்கள் எண்ணும் எண்ணிக்கைக்கு ஒரு பத்தி கிடையாது. அதை எழுதப்போகிறவர்கள் யார்?