வேலை போனால் பிள்ளைக் கடனும் போகுமோ?

பெற்ற பிள்ளைக்குச் சோறும் துணியும் கல்வியும் அளித்தல் பெற்றோர் கடன் என்பதை மறுப்பார் யாருமிலர். ஆயின், குடும்பம் பிரிந்து பிள்ளை தாயிடம் வளருங்கால், தந்தைக்கு வேலை போய்விட்டால் அக்கடன் என்னாகும்? “கையில் இருந்தால் கொடுக்க மாட்டானா?” என்று அவனுக்குப் பரிந்து பேசுவோருண்டு, “எல்லாம் தலைவிதி” என்று கைவிரிப்போருமுண்டு. இரண்டும் பிள்ளையின் பசியைத் தீர்க்கமாட்டா. ஈயத்தையும் ரப்பரையும் நம்பிப் பிழைத்த நம் லகாட் வட்டாரத்தார்க்கு இக்கேள்வி புதிதன்று. ஆதலின் அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1930ஐ ஒட்டி உலக வியாபாரம் சரிந்தது. 1932ல் இலண்டனில் ஓர் இராத்தல் ரப்பரின் விலை இரண்டு பென்சு அளவுக்குத் தாழ்ந்தது. ஆடவர்க்கு 50 காசு, பெண்டிர்க்கு 40 காசு என்று வகுக்கப்பட்டிருந்த தோட்டத்து நாட்கூலி, முறையே 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. 1931ல் ஏற்பட்ட சர்வதேச ஒப்பந்தம் ஈய உற்பத்தியைக் கட்டுப்படுத்தவே, கிந்தாப் பள்ளத்தாக்கின் லம்பங்களிலும் வேலை சுருங்கிற்று. 1930 முதல் 1932 வரை ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் கப்பலேற்றித் திருப்பியனுப்பப்பட்டனர்.

சிறுவர்க்கும் தனிக் கூலி விகிதம் இருந்த காலம் அது. தகப்பன் கூலி குறைந்த வீட்டில் பிள்ளையின் கை பால்வாளியைத் தூக்கிற்று. அதாவது, பிள்ளைக்குத் தந்தை பட்ட கடனைப் பிள்ளையே உழைத்து அடைத்தது! நாம் நாள்தோறும் எழுதும் செக்ரோலில் ஆளின் பெயருண்டு, வேலை செய்த நாளுண்டு, கூலியுண்டு. அவ்வாளை நம்பியிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பத்தியும் இல்லை. அடிக்கப்படுவது ஒரு பெயர். அடுப்பு அணைவதோ ஒரு குடும்பத்துக்கு.

நிற்க. சட்டம் இதனை எங்ஙனம் நோக்கிற்று? நம் முன்னோர் விட்டுவந்த இந்தியாவில், 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆம் பிரிவு, போதிய வசதியிருந்தும் மனைவி மக்களைக் காவாதவன் மாதந்தோறும் ஜீவனாம்சம் கொடுக்குமாறு செய்தது. நிலைமை மாறின் தொகையை மாற்றலாம் என்றது 489ஆம் பிரிவு. ‘வசதி’ என்பது சொத்து மாத்திரமன்று, உழைக்க வல்ல உடலும் வசதியே என்று அந்நாட்டு நீதிமன்றங்கள் பலமுறை தீர்ப்பளித்தன. மலாயாவிலும் 1950ல் மணமான பெண்டிர், பிள்ளைகள் ஜீவனாம்சச் சட்டம் இயற்றப்பட்டது. அதுவும் கொடுப்பவன் வசதிக்கேற்பத் தொகையை விதித்து, நிலைமை மாறின் அதை மாற்றவும் இடமளித்தது.

பின்னர் முஸ்லிம் அல்லாதார்க்கென 1976ல் இயற்றி 1982 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம், இக்கடமை தந்தை தாய் இருவர்க்கும் உரியதென 92ஆம் பிரிவில் கூறிற்று. அது வந்து நான்காண்டு நிரம்புமுன், 1985 அக்டோபர் 24ஆம் நாள் இலண்டன் உலோகச் சந்தையில் ஈய வியாபாரம் நின்றது. கிந்தாவின் லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அரை நூற்றாண்டுக்கு முன் கண்ட துன்பம் மீண்டும் வந்தது. ஆயினும் இம்முறை சட்டத்தில் ஒரு வழி இருந்தது: நிலைமை பெரிதும் மாறின் ஜீவனாம்ச ஆணையைத் திருத்தலாம் என்பது 96ஆம் பிரிவு.

இதன் கருத்தை நம்மவர் நன்குணர வேண்டும். திருத்தப்படுவது தொகை; கடமையன்று. திருத்துவதும் நீதிமன்றம், கொடுப்பவனல்லன். வேலை போன மறுமாதமே வாய்மூடி நிறுத்துகிறவனுக்குப் பாக்கி வளர்ந்துகொண்டே போகும். உண்மையில் இயலாதவன் மனுச் செய்து, தன் நிலையைச் சான்றுடன் காட்டிக் குறைக்கச் சொல்லலாம்.

இன்று வேறொரு துணையும் உண்டு. 2018 ஜனவரி முதல் நடைபெறும் வேலைக் காப்புறுதித் திட்டத்தில், தகுதியுள்ளவர்க்கு முதல் மாதம் கணக்கிடப்பட்ட சம்பளத்தில் நூற்றுக்கு 80 பங்கு கிடைக்கும். பின் படிப்படியாகக் குறையும். அப்பணம் வேலையிழந்தவனுக்கு மட்டும் உரியதென்று எண்ணுதல் தவறு. அதே ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம், பதினெட்டு வயது கடந்தும் மேற்படிப்பில் இருக்கும் பிள்ளைக்கும் ஜீவனாம்சம் நீடிக்க வழிவகுத்தது. தோட்டத்துப் பிள்ளை கல்லூரி ஏற இது சிறு ஏணியன்று.

வேலை போனவன் மளிகைக் கடைக்காரனைக் கண்டு ஒளிவதில்லை, தவணை கேட்கிறான். சீட்டுப் பிடிப்பவரிடமும் தவணை கேட்கிறான். கடன்காரரெல்லாம் வாய் திறந்து கேட்பவர். பிள்ளை ஒன்றே கேட்கத் தெரியாத கடன்காரர். ஆதலின் அக்கடனையே முதற் கடனாக எண்ணி, இயன்றதைக் கொடுத்து, இயலாததற்கு முறைப்படி தவணை பெறுதலே தகப்பனுக்கு அழகு. 1932ல் நம் பாட்டன்மார்க்கு இவ்வழி இல்லை, நமக்கு உண்டு. இருந்தும் பிள்ளையின் தோளில் சுமையை ஏற்றுவோமாயின், குற்றம் சந்தையினுடையதன்று, நம்முடையதே.