உண்டவன் உரைக்கும் கடன்: ஆற்றுப்படை நூல்கள் காட்டும் பரிசிலர் வாழ்க்கை

முன்னுரை

ஊர்தோறும் சென்று, ஆங்காங்கு உண்டு, கண்டதையும் உண்டதையும் எழுதுவோர் இக்காலத்தில் பலர். அவருட் சிலர்க்கு விருந்தும் உறையுளும் விலையின்றிக் கிடைத்தல் உண்டு. அங்ஙனம் பெற்றவர் எழுத்தை எவ்வளவு நம்பலாம் என்னும் வினாவும் உடன் எழுகின்றது. இவ்வினா இக்காலத்திற்கே உரியது போலத் தோன்றினும், தமிழிலக்கியத்திற்குப் புதியதன்று. வழி நடந்து, புரவலன் மனையில் உண்டு, பரிசில் பெற்று, பெற்ற செய்தியைப் பிறர்க்கு எடுத்துரைத்தலையே ஓர் இலக்கிய வகையாக வகுத்துக் கொண்டவர் பண்டைத் தமிழர். அவ்வகையே ஆற்றுப்படை.

ஆற்றுப்படைப் பாட்டுகளைப் பரிசிலுக்குப் பாடிய வெறும் புகழ்ச்சி என ஒதுக்குவாரும் உளர். அவற்றில் வருவன யாவும் வரலாற்று உண்மையே எனக் கொள்வாரும் உளர். இவ்விரு நிலையும் பொருந்துவனவல்ல. பரிசிலர் பெற்ற பேறுகள் யாவை, அவற்றிற்கு ஈடாக அவர் ஏற்ற கடன்கள் யாவை, அக்கடன் முதற்கண் யார்க்கு உரியது என்பவற்றைத் தெளிந்தாலன்றி, இப்பாட்டுகளைச் சான்றாகக் கொள்ளும் அளவு புலப்படாது. அத்தெளிவை நாடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இலக்கணம் வகுத்த கடன்

கூத்தர், பாணர், பொருநர், விறலியர் என்னும் நால்வரும் தாம் பெற்ற பெருஞ்செல்வத்தை, அது பெறாது வழியிடை எதிர்ப்பட்டவர்க்கு அறிவித்து, அவரும் சென்று பயன் எய்துமாறு உரைத்தலை ஆற்றுப்படை எனத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும். இவ்விலக்கணத்தில் நோக்கத்தக்கது ஒன்று உண்டு. புரவலனைப் புகழ்தல் இதன் முதற்கூறாக வைக்கப்படவில்லை. பெறாதார்க்கு அறிவுறுத்தலே முதற்கூறு. பெற்றவன் பேசுகின்றான், பசித்தவன் கேட்கின்றான், புரவலன் இருவர்க்கும் அப்பால் தன் ஊரில் இருக்கின்றான். பாட்டின் அமைப்பே கடன் யார்க்கு உரியது என்பதைக் காட்டி விடுகின்றது.

பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள் உள. உ. வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டில் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த பின்னரே இவை கற்றார் பலர் கைக்கும் எட்டின. இவற்றுள் திருமுருகாற்றுப்படை இறைவன்பால் ஆற்றுப்படுத்துவது. அது கருதும் பேறு வேறாதலின் ஈண்டு ஆராயப்படவில்லை. கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, நன்னன் சேய் நன்னனைப் பாடிய மலைபடுகடாம் ஆகிய நான்குமே இக்கட்டுரைக்கு அடிப்படை. மலைபடுகடாத்திற்குக் கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் உண்டு.

2. பரிசிலர் பெற்ற பேறுகள்

பேறுகளை விரித்துரைப்பதில் பொருநராற்றுப்படை தலைநிற்கின்றது. வேர்வையில் நனைந்து, ஈரும் பேனும் குடியிருந்து, பல தையல் விழுந்த பழந்துணியைக் களைந்து, நுண்ணிய புத்தாடையைக் கரிகாலன் உடுத்தச் செய்கின்றான். பொற்கலத்தில் கள் வருகின்றது. அறுகம்புல் மேய்ந்து கொழுத்த ஆட்டின் தொடையிறைச்சி வேகவைத்தும், கம்பியிற் கோத்துச் சுட்டும் வருகின்றது. சுடுகின்ற துண்டத்தை வாயின் இருபுறமும் மாற்றி மாற்றி ஒதுக்கிப் பொருநன் உண்கின்றான். பல நாள் இவ்வாறு ஊன் தின்றமையால், கொல்லை நிலத்தை உழுத கொழுப்போல அவன் பற்கள் தேய்ந்து விடுகின்றன. மூச்சு விடவும் இடமின்றி உணவையே வெறுக்கும் நிலையை அடைந்த பின்னர், ஊர் செல்ல விடை வேண்டுகின்றான். வேண்டியதற்கு மன்னன் வெகுண்டவன் போலத் தோன்றுகின்றான். விருந்தினனாக இருத்தலிலும் ஒரு வருத்தம் உண்டு என்பதைப் புலவர் முடத்தாமக்கண்ணியார் நகை தோன்ற இவ்விடத்து உணர்த்தியுள்ளார். பாணர்க்குப் பொற்றாமரையும், விறலியர்க்கு முத்தாரமும், வெண்ணிறக் குதிரைகள் நான்கு பூட்டிய தேரும் பரிசிலாகின்றன. தேர் புறப்படும்போது மன்னன் ஏழடி பின்சென்று வழிவிடுகின்றான்.

புலவர் தாமே பெற்ற பரிசில்கள் இவற்றினும் பெரியனவாகப் பதிற்றுப்பத்துப் பதிகங்களிற் கூறப்படுகின்றன. செல்வக்கடுங்கோ வாழியாதன் கபிலர்க்கு நூறாயிரம் காணம் அளித்ததோடு, நன்றா என்னும் குன்றின்மேல் நின்று கண்ணுக்கு எட்டிய நாட்டையும் கொடுத்தான் என்பது ஏழாம் பதிகத்துச் செய்தி. பதிகங்கள் பாட்டுகளுக்குப் பிற்பட்டவை; ஆதலின் அத்தொகைகளை எண்ணிக் கணக்கிடுதல் பொருந்தாது. பரிசில் பெருமைக்குரியதாக மதிக்கப்பட்டது, மறைத்தற்குரியதாகக் கருதப்படவில்லை என்பதே அவற்றாற் பெறப்படும் உண்மை.

இவ்வாழ்க்கைக்கு இடரும் உண்டு. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர்க்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது, கோவூர்கிழார் இடைநின்று காத்ததை ஒரு புறநானூற்றுப் பாட்டு (47) தெரிவிக்கின்றது. வள்ளல்களை நினைந்து பறவைபோல் நெடுவழி கடப்பதும், பெற்றதைக் கொண்டு சுற்றத்தை ஊட்டுவதும், எஞ்ச வைக்காமல் உண்டு பிறர்க்கும் வழங்குவதும் புலவர் இயல்பு என்று அவர் எடுத்துரைத்தார். நாட்டெல்லைகளைத் தடையின்றிக் கடக்கும் உரிமையே பரிசிலரின் பெரும்பேறு. அவ்வுரிமையே ஐயத்திற்கும் இடந்தந்தது.

3. வழி காட்டும் கடன்

மலைபடுகடாம் தொடக்கத்திலேயே தான் கூறப்போவனவற்றை வரிசைப்படுத்துகின்றது. வழியின் அளவு, தங்கத்தக்க இடங்கள், அந்நாட்டில் விளையும் உணவு, மலையும் சோலையும் விலங்கு வாழும் காடும், அதன் பின்னரே நன்னனின் புகழும் கொடையும் அவன் அவையின் இயல்பும் முன்னோர் சிறப்பும் என அவ்வரிசை அமைகின்றது. வழியும் உணவும் முன் நிற்க, மன்னன் பின் நிற்கின்றான். இந்நிரல் கருதத்தக்கது.

பின்வரும் அறிவுரைகள் நடந்து செல்பவன் காலுக்கும் உயிர்க்கும் உரியவை. பன்றிக்கு வைத்த கற்பொறிகள் வழியில் உண்டு. பாம்பு ஒளிந்திருக்கும் குழிகள் உண்டு. தினைப்புனம் காப்போர் யானையை விரட்டக் கவணில் எறியும் கற்கள் வந்து விழும். மரத்தில் மறைந்து செல்லுதல் வேண்டும். பாசி படர்ந்த வழுக்குப் பாறைகளில் கொடிகளையும் வேர்களையும் பற்றி நடத்தல் வேண்டும். வழி தவறினால் அகன்ற பாறையில் ஒருங்கு கூடி இசைக்கருவிகளை இயக்க வேண்டும். ஒலி கேட்ட கானவர் ஓடிவந்து, உண்ணத் தந்து வழியும் காட்டுவர். பல வழிகள் கூடும் இடத்தில் தரையைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் இடுக என்றும் கூறப்படுகின்றது. அடையாளம் இட்டவன் அவ்விடத்தைக் கடந்து போய்விடுவான். அதன் பயன் பின்வருவோர்க்கே உரியது. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகைக்கே இச்செயல் ஒத்த உவமையாக நிற்றற்குரியது.

இத்தகைய செய்திகளிற் பொய் கலத்தல் எளிதன்று. கேட்பவன் அன்றே அவ்வழியில் நடக்கப் போகின்றவன். சொல்லியது பிழையாயின் அவன் குழியில் விழுவான். சொல்லப்படும் செய்தி கேட்போன் காலால் அளக்கப்படும் என்னும் நிலையே ஆற்றுப்படையின் நேர்மைக்குக் காவலாகும்.

4. எளியோர் உணவைப் பதிந்த கடன்

வழியில் மன்னன் மனை ஒன்றே. ஏழையர் மனைகள் பல. ஆதலின் பெறப்போகும் உணவை முறையே கூறப் புகுந்த பாணன், எளியோர் அடுக்களைகளையும் கூற வேண்டியவனாகின்றான். பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர் கரம்பு நிலத்தைப் பூண் கட்டிய கோலாற் கிளறிப் புல்லரிசி எடுக்கின்றனர்; நிலத்திற் குழித்த உரலில் குற்றுகின்றனர்; உவர்க்கிணற்று நீரை முகந்து, வாய் உடைந்த பானையில், முரிந்த அடுப்பில் ஏற்றிச் சமைக்கின்றனர்; உலர்ந்த ஊனொடு அச்சோற்றைத் தேக்கிலையிற் குவித்து அளிக்கின்றனர். ஆயர் குடியில் தினைச்சோறும் பாலும், முல்லை நிலத்துச் சீறூரில் வரகுச் சோறும் அவரைப் புழுக்கும், மருத நிலத்தில் வெண்ணெற் சோறும் கோழிப் பொரியலும், அந்தணர் இல்லத்தில் மிளகும் கறிவேப்பிலையும் கலந்து வெண்ணெயிற் சமைத்த மாதுளங்காயும் வடுமாங்காயும் எனப் பட்டியல் நீள்கின்றது.

சிறுபாணாற்றுப்படையிலும் எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீனும், வேலூரில் புளியிட்ட சூடான சோறும் ஆமான் சூட்டிறைச்சியும், ஆமூரில் வெண்சோறும் நண்டுக் கலவையும் கிடைக்கும் எனத் திணைதோறும் உணவு வேறுபடுகின்றது. அந்நூலே பரிசில் பெறாத காலத்து வறுமையையும் ஒளிக்காமற் கூறுகின்றது. குட்டி ஈன்ற நாய் கிடந்து குரைக்கும் அடுக்களையில், கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையைப் பறித்து, உப்பும் இன்றி வேகவைத்து, அறிவற்றோர் காண்பதற்கு நாணிக் கதவடைத்துச் சுற்றத்தோடு உண்கின்றாள்.

நல்லியக்கோடன் அளிக்கும் விருந்து வீமசேனனின் மடைநூல் நெறி பிழையாத பல்வகை அடிசில் என்று சுருங்க உரைக்கப்படுகின்றது. கீரையோ பறித்த இடம் முதல் உண்ட முறை ஈறாக விரிக்கப்படுகின்றது. பொருநராற்றுப்படை ஒழிந்த ஏனையவற்றில் அரண்மனை உணவினும் குடிமக்கள் உணவே நுட்பமாகக் கூறப்படுகின்றது எனலாம். பண்டைத் தமிழகத்து எளிய மக்கள் எதனை, எக்கலத்தில், எந்நீரில் சமைத்தனர் என்பதை நாம் இன்று அறிவது, வழிச்செல்வோன் பசிக்கு விடை கூற வேண்டிய கடமை பாணனுக்கு இருந்தமையாலேயே ஆகும்.

5. புகழ்ச்சியும் இடித்துரைத்தலும்

இவை கொண்டு ஆற்றுப்படைகளில் மிகையே இல்லை என்று கூறுதல் இயலாது. நல்லியக்கோடன் ஊர்முன் வஞ்சியும் மதுரையும் உறந்தையும் வறியன என்பது மிகையே. இளந்திரையன் காவற் காட்டில் கள்வர் இல்லை என்பதோடு நில்லாமல், இடி இடியாது, பாம்பு கடியாது, காட்டு விலங்கும் துன்புறுத்தாது என்று உருத்திரங்கண்ணனார் பாடுகின்றார். பாம்புக் குழிக்கு அஞ்சி நடக்கச் சொல்லும் மலைபடுகடாத்தோடு இதனை ஒப்பிட்டால், வழியின் மெய்ம்மையைப் புரவலன் புகழ் விழுங்கிய இடம் இஃது எனத் தெளியலாம். மேலும், பேசுவோன் பாணனாகப் படைக்கப்பட்டிருப்பினும் பாடியவர் அவைக்களத்துப் புலவர் என்பதும் மறக்கத்தக்கதன்று.

எனினும் பரிசில் பெற்றமையால் புலவர் வாய் அடைக்கப்பட்டதோ எனின், இல்லை என்பதற்குப் பேகன் வரலாறு சான்று. புறநானூற்றில் (141) பரணர் பேகன்பால் பிறரை ஆற்றுப்படுத்துகின்றார். அவனைக் காணுமுன் நும்மினும் வறியேமாக இருந்தோம் என்று பாணன் கூற்றாக அவன் கொடையைச் சிறப்பிக்கின்றார். அப்பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்தபோது, அதே பரணர் அவனை இடித்துரைக்கின்றார். பசித்து வந்தோம் அல்லேம், சுற்றத்தைப் புரக்கும் பொருட்டும் வந்தோம் அல்லேம், இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயர் களைவதே யாம் இரக்கும் பரிசில் என்கின்றார் (145). அரிசில்கிழாரும் அவன் தரும் அணிகலனையும் செல்வத்தையும் வேண்டாது, தேர் பூட்டுமாறே வேண்டுகின்றார் (146). கபிலரும் பெருங்குன்றூர்கிழாரும் உடன் நிற்கின்றனர். பரிசில் என்னும் சொல்லே ஈண்டுப் பொருள் மாறிவிடுகின்றது.

பெருஞ்சித்திரனார் நெறியும் இத்தகையதே. அதியமான் தன்னைக் காணாமலே கொடுத்தனுப்பிய பொருளை, யான் விலை பேசும் வணிகனைப் போன்ற பரிசிலன் அல்லேன் என மறுத்தார் (208). குமணனிடம் பெற்ற வளத்தையோ, என்னையும் கேளாமல் எல்லார்க்கும் கொடு எனத் தம் மனைவிக்குப் பணித்தார் (163).

6. பிற நாட்டு நெறியோடு ஓர் ஒப்பீடு

ஐரோப்பாவில் உணவு பற்றிய மதிப்புரை தனித் தொழிலாக வளர்ந்தபோது இதே சிக்கல் எழுந்தது. பிரெஞ்சு நாட்டுக் கிரிமோ த லா ரெய்னியேர் 1803 முதல் 1812 வரை எட்டுத் தொகுதிகளாக உணவு ஆண்டு மலர் ஒன்றை வெளியிட்டார். கடைக்காரர் விலையின்றி அனுப்பிய பண்டங்களை ஒரு குழு சுவைத்துத் தீர்ப்பளித்தது. நடுநிலை பற்றிய ஐயமும் உடன் எழுந்தது. 1900இல் தோன்றி, 1926இல் விண்மீன் குறியீட்டை மேற்கொண்ட மிசலின் வழிகாட்டி, ஆய்வாளர் தம் பெயரை மறைத்து உண்டு, விலையும் தாமே கொடுத்தல் என்னும் நெறியைக் கைக்கொண்டது.

மிசலின் நெறி பெறாமையால் நேர்மையைக் காப்பது. தமிழர் நெறி பெற்றதை வெளிப்படக் கூறுவதாற் காப்பது. பாணன் தான் யாரிடம் எதனைப் பெற்றான் என்பதை முதலிலேயே உரைத்துவிடுகின்றான். கேட்போன் அதனை அறிந்தே அவன் சொல்லை எடை போடுகின்றான்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். ஆற்றுப்படைப் பரிசிலர்க்கு உணவு, உடை, பொருள், மதிப்பு, தடையற்ற செலவு என்பன பேறுகள். பெற்றதை மறையாமை, வழியை மெய்யாக உரைத்தல், எளியோர் விருந்தையும் விடாது கூறல், பெற்றதைப் பகிர்தல், புரவலன் தவறியவழி இடித்துரைத்தல் என்பன கடன்கள். இக்கடன்களுள் முதலது பசித்து எதிர்வரும் பாணனுக்கு உரியது. கொடுத்தவனுக்கு உரியது அதன் பின்னதே.

ஆதலின் இந்நூல்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர், கூற்று எதனைப் பற்றியது என்பதை ஒவ்வோரிடத்தும் நோக்குதல் வேண்டும். கேட்போன் காலும் வயிறும் அளந்து காணக்கூடிய செய்தி பெரிதும் நம்பத்தக்கது. புரவலன் பெருமையையே அளவுகோலாகக் கொண்ட செய்தி குறைத்துக் கொள்ளத்தக்கது. இவ்வரையறையோடு நான்கு நூல்களின் வழிகளையும் உணவுகளையும் நிலவியல், தொல்பொருள் சான்றுகளோடு ஒப்பிட்டு ஆராயும் பணி இன்னும் விரிவாக நிகழ்தற்குரியது. இளம் ஆராய்ச்சியாளர் அதனை மேற்கொள்வாராயின், குப்பைக் கீரை பறித்த கிணைமகளும் உவர்நீரில் உலையேற்றிய எயிற்றியும் தமிழக வரலாற்றில் தமக்குரிய இடத்தைப் பெறுவர்.