கேமிங் யூடியூப் சேனலுக்கு வலையமைப்பு ஒப்பந்தம்: கையெழுத்திடும் முன் அறிய வேண்டியவை

விளையாட்டுக் காணொலிகளை வெளியிடும் யூடியூப் சேனல் ஓரளவு பார்வையாளர்களைப் பெற்றதும், அதன் உரிமையாளருக்கு மின்னஞ்சல் வழியே அழைப்புகள் வரத் தொடங்குகின்றன. தங்கள் வலையமைப்பில் இணைந்தால் வருவாயைப் பெருக்கித் தருவதாக அவை கூறும். மல்டி சேனல் நெட்வொர்க், சுருக்கமாக எம்சிஎன் எனப்படும் இந்நிறுவனங்கள், விளம்பரதாரர்களைப் பெற்றுத் தருதல், பதிப்புரிமைச் சிக்கல்களைக் கையாளுதல் போன்ற சேவைகளை வழங்கி, அதற்கு ஈடாக வருவாயில் ஒரு பங்கைப் பெறுகின்றன. இவை யூடியூபின் கிளைகளோ, அதன் அங்கீகாரம் பெற்ற முகவர்களோ அல்ல.

யூடியூப் தனது கூட்டாளர் திட்டத்தை 2007-ஆம் ஆண்டு தொடங்கியபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கே அதில் இடம் கிடைத்தது. அக்காலத்தில் சிறிய சேனல்களுக்கு வலையமைப்பே நுழைவாயிலாக இருந்தது. இன்று அந்நிலை இல்லை. 1,000 சந்தாதாரர்களுடன், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையோ, 90 நாட்களில் 1 கோடி ஷார்ட்ஸ் பார்வைகளோ பெற்ற சேனல், விளம்பர வருவாய்க்கு நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். நீண்ட காணொலிகளில் இடம்பெறும் விளம்பரங்களின் வருவாயில் 55 சதவீதம் படைப்பாளருக்குக் கிடைக்கிறது.

வலையமைப்பு தன் பங்கை இந்த 55 சதவீதத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. படைப்பாளருக்கு 55 ரூபாய் வர வேண்டிய இடத்தில், அதில் 20 சதவீதம் கேட்கும் நிறுவனத்துக்கு 11 ரூபாய் போக, 44 ரூபாயே மிஞ்சும். பழைய 55 ரூபாயை மீண்டும் எட்டவே மொத்த வருவாய் கால் பங்கு உயர வேண்டும். அந்த உயர்வை எப்படிக் கொண்டு வருவீர்கள் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத நிறுவனத்துடன் பேச்சைத் தொடர்வதில் பயனில்லை.

ஆயினும், பங்கு விகிதத்தைவிட விலகும் விதியே பலரைச் சிக்க வைத்துள்ளது. அமெரிக்காவின் மெஷினிமா, கேமிங் வலையமைப்புகளில் மிகப் பெரியனவற்றுள் ஒன்றாக விளங்கியது. அதனுடன் தாம் செய்த ஒப்பந்தம் காலவரையற்றது என்பதைத் தாமதமாகவே உணர்ந்ததாகக் கூறி, படைப்பாளர் ஒருவர் 2013 ஜனவரியில் காணொலி வெளியிடுவதையே நிறுத்தப்போவதாக அறிவித்தது பெரும் விவாதத்தை எழுப்பியது. ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருவதால் இத்தகைய சொற்கள் கண்ணில் படாமல் போவது எளிது. ‘இன் பெர்பெச்சுவிட்டி’ என்ற இரு சொற்களுக்குத் தமிழில் ‘என்றென்றைக்கும்’ என்று பொருள். அதைத் தமிழில் படித்துவிட்டுக் கையெழுத்திடுவோர் மிகச் சிலராகவே இருப்பர். அந்த மெஷினிமாவே 2019-ஆம் ஆண்டு மூடப்பட்டது. அதன் முதன்மைச் சேனலின் காணொலிகள் முன்னறிவிப்பின்றிப் பொதுப் பார்வையிலிருந்து மறைந்தன.

பணம் யார் கையில் சேர்கிறது என்பதும் முக்கியம். வலையமைப்பில் இணைந்த சேனலின் விளம்பர வருவாய் முதலில் அந்நிறுவனத்துக்கே செல்லும். படைப்பாளருக்கு அது பிறகே வரும். 2018 நவம்பரில் டெஃபி மீடியா நிறுவனம் மூடப்பட்டபோது, சுமார் 50 படைப்பாளர்களுக்குச் சேர வேண்டிய 17 லட்சம் டாலர் முடங்கியதாக ‘தி கேம் தியரிஸ்ட்ஸ்’ சேனலை நடத்திய மேத்யூ பேட்ரிக் தெரிவித்தார். எனவே, எத்தனை நாட்களுக்கு ஒருமுறை பணம் வழங்கப்படும், தாமதமானால் உடனே விலக உரிமை உண்டா ஆகியவை எழுத்தில் இருப்பது அவசியம். இத்தகைய ஒப்பந்தத் தகராறுகளில் யூடியூப் தலையிடுவதில்லை.

பதிப்புரிமைப் பாதுகாப்பு என்ற வாக்குறுதியையும் அப்படியே ஏற்க இயலாது. 2013 டிசம்பரில் விளையாட்டுக் காணொலிகள் மீது உரிமைக் கோரல்கள் குவிந்தபோது, வலையமைப்புகள் முழுப் பொறுப்பேற்றிருந்த சேனல்களும், பெயரளவில் இணைந்திருந்த சேனல்களும் வெவ்வேறாக நடத்தப்பட்டன. சிறிய சேனல்களுக்குப் பெரும்பாலும் இரண்டாம் வகை இடமே கிடைக்கும்.

இந்தியாவில் ஒப்பந்தக் காலத்தின் நீளத்துக்குக் கூடுதல் பொருள் உண்டு. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்டது. அதன் இடத்தில் 2021 ஜூலையில் வந்த பிஜிஎம்ஐ, ஓராண்டுக்குப் பின் முடக்கப்பட்டு, 2023-இல் திரும்பியது. ஒரே விளையாட்டை நம்பிய சேனல், மாதந்தோறும் இத்தனை காணொலி வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையில் கையெழுத்திட்டிருந்தால், விளையாட்டு மறைந்த பின்னும் நிபந்தனை மட்டும் எஞ்சி நிற்கும். ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைத் தவிர்ப்பதும், தானாகப் புதுப்பிக்கப்படும் விதியை நீக்கக் கோருவதும் நல்லது.

வலையமைப்பு பெற்றுத் தரும் விளம்பரங்களை மறுக்கும் உரிமையும் படைப்பாளரிடமே இருக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை விளம்பரப்படுத்துவோருக்கு 2 ஆண்டுகள் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க வகை செய்கிறது. விளம்பரத்தை ஏற்பாடு செய்தது வலையமைப்பே ஆனாலும், அதில் தோன்றும் முகம் படைப்பாளருடையது.

18 வயது நிறைவடையாதவர் ஒப்பந்தம் செய்துகொள்ள 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி தகுதியற்றவர். ஆகவே, பள்ளி மாணவர் நடத்தும் சேனலுக்கு அழைப்பு வந்தால் அதைப் பெற்றோர் படிக்க வேண்டும். அப்போது, தகராறு எழுந்தால் எந்த நாட்டின் எந்த நகர நீதிமன்றத்தை அணுக வேண்டும் என்று குறிப்பிடும் பத்தியை முதலில் தேடிப் பார்க்கலாம். அது வழக்கமாகக் கடைசிப் பக்கங்களில் இருக்கும்.